சுவரில் ஏறிய பெயர்கள்

என் கணவர் மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு ஒரேயடியாக ஊருக்கு வந்த பிறகு, வீட்டிலுள்ள ஒவ்வொரு சுவிட்சுக்கு மேலும் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டப்பட்டது. 'ஹால் ஃபேன்.' 'வெளி லைட்.' 'சும்மா.' கடைசியில் சொன்னது எதற்குமே இணைப்புக் கொடுக்காத சுவிட்சு. வாலிபத்தில் ஏசி குழாய் பொருத்தப் போனவர், ஃபோர்மேனாகி, தலை நரைத்துத் திரும்பியிருந்தார். லீவில் வந்து போன காலத்தில் அவர் விருந்தாளியைப் போல இருப்பார். நானும் அப்படித்தான் கவனித்தேன். இப்போதோ காலையில் எனக்கு முன்னால் எழுந்து அடுக்களையில் நின்றுகொண்டு, மிளகுப்பொடி டப்பா ஏன் அடுப்புக்கு இடப்பக்கம் இருக்கிறது என்று கேட்டார்.

சண்டை என்று சொல்ல முடியாது. அவர் டப்பாவை வலப்பக்கம் வைப்பார். நான் பேசாமல் இடப்பக்கம் எடுத்து வைப்பேன். வீடு இரண்டு பேருக்கும் சொந்தம்தான். ஆனால் அதில் எப்படி நடமாடுவது என்று எனக்கு மட்டும் பழகியிருந்தது.

அந்த மழைக்காலத்துக்கு முன்னால் ஹாலில் இருந்த பெரிய ஷோகேஸைக் கழற்ற வேண்டிவந்தது. பின்பக்கத்தைக் கறையான் அரித்து மாவாக்கியிருந்தது. ஒவ்வொரு லீவிலும் அவர் கொண்டுவந்த பொம்மைகளும் காலி சென்ட் குப்பிகளும் அட்டைப் பெட்டிக்குள் போயின. சுவருக்குப் புது வெள்ளை அடித்தோம். சோபாவுக்கு மேலே அந்தச் சுவர் ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வெறிச்சென்று நின்றது.

கல்யாணமாகி பெங்களூரில் இருக்கும் என் மகள் அப்போதுதான் ஒரு படம் அனுப்பினாள். அவளுடைய தோழி வீட்டுச் சுவர். உள்ளங்கை அகலத்துச் சதுர மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஓர் ஆங்கில எழுத்து. வீட்டிலுள்ளவர்களின் பெயர்கள் குறுக்கெழுத்துப் போட்டிபோல நேராகவும் கீழாகவும் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போயின.

"எம்மா, இது ஒனக்குச் சுலபம். நீ சர்ச்சில வசனத்துக்கு எழுத்து வெட்டுவல்லா, அதேதான்" என்றாள் போனில்.

அது உண்மைதான். புத்தாண்டுக்கும் அறுப்பின் பண்டிகைக்கும் பலிபீடத்துக்குப் பின்னால் தெர்மகோலில் வேதவசனம் வெட்டி ஒட்டுவது பல வருஷமாக என் வேலை. தமிழ் எழுத்துகளை எனக்கு உடம்பு உடம்பாகத் தெரியும். எதற்கு வயிறு பெரிது, எதற்கு இடுப்பு ஒடியும், எந்தக் கொம்பு காற்றில் முதலில் விழும் என்று சொல்லிவிடுவேன்.

படத்தை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கிப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கட்டைக்கு நடுவில ஒரே இடைவெளி இல்ல. கண்ணளவில ஒட்டியிருக்கானுவ" என்றார். அவருக்கு அது பிடித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

மரத்துக்கு அலைய வேண்டியிருக்கவில்லை. பின்பக்கத்தில் வருக்கைச் சக்கை காய்த்துக்கொண்டிருந்த பலா ஒன்று, முந்தைய மழையில் வேரோடு சாய்ந்து, அடுத்த வீட்டுக் குளியலறை ஓட்டின்மேல் தலையை வைத்துப் படுத்துவிட்டது. அதை வெட்டி மில்லில் அறுத்த பலகைகள் கார் ஷெட்டில் சும்மா கிடந்தன.

அந்த அடுத்த வீட்டில் இருப்பவர் என் கணவரின் மூத்த அக்கா. எனக்கு மைனி. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மதிலில் ஓர் ஆள் நுழைகிற இடைவெளி உண்டு. என் கணவர் மஸ்கட்டில் இருந்த காலம் முழுக்க, சாயங்காலமானால் மைனி அந்த இடைவெளியில் வந்து நின்று கேட்பார்: "பின்கதவு பூட்டியாச்சா? கேஸ் அடச்சாச்சா? பிள்ளையள் படிக்குதுவளா?" வார்டில் கேட்பதுபோலத்தான். நான் ஆச்சு, ஆச்சு, ஆமா என்பேன். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் முதலில் வந்து நிற்பதும் மைனிதான். ஆனால் வந்தால் உட்கார மாட்டார். நின்றுகொண்டே நாடி பார்ப்பார், நின்றுகொண்டே காப்பி குடிப்பார், போய்விடுவார். எங்களுக்குள் மனஸ்தாபம் ஒன்றும் கிடையாது. ஒரு தூரம் இருந்தது, அவ்வளவுதான்.

வேலையை வீட்டு முன்பக்கச் சிட்டவுட்டில் தொடங்கினோம். என் கணவர் மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த பெட்டியைத் திறந்தார். அதற்குள் இருந்த கருவிகளை நான் அதுவரை பார்த்ததில்லை. ஒவ்வொன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றி, பிள்ளைகளைத் தூங்கவைத்ததுபோல் அடுக்கியிருந்தது. பலகையில் கோடு போட்டார். கோட்டின்மேல் இன்னொரு தடவை அளந்தார். மின்ரம்பத்தை ஓட்டியதும் மஞ்சள் தூள் பறந்து சிட்டவுட் முழுக்கப் பலா வாசம் நிறைந்தது. ஈரமண்ணும் தேனும் கலந்த ஒரு வாசம். முறுக்கிப் பிழிந்த துணியால் நான் தரையைத் துடைத்தபடி இருந்தேன்.

கட்டைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் பங்கு. முதலில் முரட்டுத் தாள், பிறகு நைஸ் தாள். நான் வட்டமாகத் தேய்த்தேன்.

"ஏட்டி, மரத்துக்க ஓட்டத்தப் பாத்துத் தேய்க்கணும். இப்பிடி மாவாட்டினா கீறல் விழும்" என்றார்.

சொன்னபடி தேய்த்துப் பார்த்தேன். சரியாகத்தான் வந்தது. ஆனால் மூலைகளை நான் என் இஷ்டத்துக்குக் கொஞ்சம் மழுக்கிவிட்டேன். கூர்மூலை வேண்டும் என்று அவர் முதலில் முணுமுணுத்தார். கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். அடுத்த கட்டைகளை அவரே மழுக்கிக்கொண்டு வந்தார்.

முதல் பெரிய வாக்குவாதம் எழுத்தில் வந்தது.

"கா-வுக்கு ரெண்டு கட்ட வேணும்" என்றார். "க ஒண்ணு, கால் ஒண்ணு."

"அப்பம் கொ-வுக்கு? கொம்பு ஒண்ணு, க ஒண்ணு, கால் ஒண்ணா? ஒரு எழுத்த மீன் மாதிரி கூறு போடவா போறிய?"

"போர்டு எழுதுகவனெல்லாம் அப்பிடித்தான செய்யான்?"

"இது போர்டு இல்ல. ஒரு எழுத்துக்கு ஒரு கட்ட. புள்ளி வச்ச எழுத்துக்கும் ஒரு கட்ட."

அதில் நான் இறங்கிவரவில்லை. அவர் யோசித்தார். "செரி, எழுத்து ஒனக்க டிப்பார்ட்மென்டு. மரம் எனக்க டிப்பார்ட்மென்டு" என்றார். அன்றைக்குச் செய்த அந்த ஒப்பந்தம் பிறகு அடுக்களைக்கும் பரவியது. மிளகுப்பொடி டப்பா இடப்பக்கமே நிலைத்தது. தண்ணீர் மோட்டாரும் மொட்டைமாடிப் பைப்பும் அவருடைய டிப்பார்ட்மென்ட் ஆயின.

மகள் அனுப்பிய படத்தில் ஒவ்வொரு கட்டையின் மூலையிலும் ஒரு சின்ன எண் இருந்தது. எழுத்துக் கட்டைகளை வைத்து ஆடுகிற ஓர் ஆங்கில விளையாட்டில் ஒவ்வோர் எழுத்துக்கும் இத்தனை மதிப்பு என்று உண்டாம். நாமும் போடுவோமா என்று கேட்டேன். "நம்ம ஆளுவளுக்கு நாம மார்க்கு போடாண்டாம்" என்றார். விட்டுவிட்டோம்.

எழுத்தை எப்படி ஒரே அளவில் வரைவது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது மைனி மதில் இடைவெளி வழியாக வந்து நின்றார். ரம்பச் சத்தம் அவரை இழுத்திருக்க வேண்டும்.

"என்னடே, வீட்டுல ஆசாரிவேல நடக்கு?"

விஷயத்தைச் சொன்னோம். அட்டையில் எழுத்தை வெட்டி அதன்மேல் பெயின்ட் தொட்டு எடுத்தால் அட்டை ஊறிப்போகிறது என்று நான் காட்டினேன். மைனி திரும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய காக்கி உறையோடு வந்தார்.

"இந்தா, பழைய எக்ஸ்ரே. எனக்க முட்டு. இனி அதப் பாத்து ஆருக்கும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. வெட்டிக்கோ."

எக்ஸ்ரே பிலிம் அட்டையைவிட எவ்வளவோ மேல். கத்தி வழுக்கிக்கொண்டு போனது. பெயின்ட் ஊறவில்லை, துடைத்தால் சுத்தமாகிவிட்டது. மைனியின் முழங்கால் எலும்புக்கு நடுவே நான் 'ய' வெட்டினேன், தொடை எலும்பின் ஓரமாக 'ரா' வெட்டினேன். மைனி கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "ரா-வுக்குக் கால் கொஞ்சம் கட்ட" என்றார். நீட்டினேன்.

பெயர்களை அடுக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. சாப்பாட்டு மேசையில் காகிதச் சதுரங்களை வைத்து நாங்கள் இரண்டு பேரும் நகர்த்திக்கொண்டே இருந்தோம். ஆங்கிலத்தில் இருபத்தாறு எழுத்து. எந்தப் பெயரிலும் ஏதாவதொன்று பொதுவாக வந்துவிடும். தமிழில் 'க' வேறு, 'க்' வேறு, 'கா' வேறு. என் பெயருக்கும் அவர் பெயருக்கும் பொதுவாக ஓர் எழுத்துகூட இல்லை.

"இத்தன வருசம் ஒரு வீட்டுல இருந்தும் ஒரெழுத்துகூட ஒக்கல்லியே" என்றார்.

"எங்க இருந்திய? நான் இஞ்ச, நீங்க அங்க" என்றேன். சிரித்தார்.

என் பெயர் மகளின் பெயரோடு சேர்ந்தது. மகளின் பெயர் மகனின் பெயரோடு சேர்ந்தது. மகனின் பெயரில் தகப்பன் சேர முடிந்தது. ஆனால் அப்படிச் சங்கிலி போட்டால் அவருடைய பெயர் சுவரின் கடைக்கோடியில், சுவிட்சு போர்டுக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவர் அதை ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்டுக்காரனக் கொண்டு கரண்டுப் பெட்டிப் பக்கத்திலயா வைப்ப?" என்று காகிதங்களைக் கலைத்துவிட்டார்.

மறுநாள் அரிசி கழுவிக்கொண்டிருக்கும்போது எனக்குத் தோன்றியது. மைனியின் பெயர். அதன் முதலெழுத்து 'ரா'. என் கணவர் பெயரின் நடுவிலும் 'ரா'. மைனியின் பெயர் நடுவில் ஒரு 'ம்'. என் பெயர் முடிவதும் 'ம்'. மைனியை நடுவில் படுக்கவைத்தால், ஒரு பக்கம் அவரும் இன்னொரு பக்கம் நானும் செங்குத்தாக நிற்கலாம். கையைத் துடைத்துக்கொண்டு ஓடிப் போய் காகிதங்களை அடுக்கினேன். அச்சாகப் பொருந்தியது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அக்காவ நடுவில வைக்க ஒனக்குச் செரியா?"

சரியா என்று நானும் ஒரு நிமிடம் யோசித்தேன். என் ஹாலில், என் சோபாவுக்கு மேல், வீட்டில் உட்காரக்கூட உட்காராத ஒரு மனுஷியின் பெயர். ஆனால் அந்தப் பொருத்தத்தின் சந்தோஷம் எனக்குப் பெரிதாக இருந்தது. "செரிதான். மைனிக்கிட்ட இப்பம் சொல்லாண்டாம். ஒட்டினதுக்கப்புறம் காட்டுவோம்" என்றேன்.

எழுத்துக்குக் கறுப்பு, மரத்துக்கு வார்னிஷ் மட்டும் என்று முடிவு செய்திருந்தோம். வார்னிஷ் பட்டதும் பலாவின் மஞ்சள் தேன்நிறமாக மாறியது. காயவைத்த கட்டைகள் சிட்டவுட் முழுக்கப் பரவிக் கிடந்தன. பால்காரர் வழி கிடைக்காமல் படிக்கட்டிலிருந்தே எட்டிப் பால் கொடுத்துவிட்டுப் போனார். ஒட்டுகிற நாளில் என் கணவர் ரசமட்டத்தைச் சுவரில் வைத்து, குமிழி நடுவில் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் கீழிருந்து ஒவ்வொரு கட்டையாக எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், வைத்தால் வைத்ததுதான். மத்தியானச் சோறு தள்ளிப்போனது. முடித்துவிட்டு இரண்டு பேரும் எதிர்ச்சுவரில் சாய்ந்து நின்று பார்த்தோம். அழகாகத்தான் இருந்தது.

மைனியைக் கூப்பிட்டேன். வந்தார். வழக்கம்போல வாசலுக்கு உள்ளே இரண்டெட்டு வைத்து நின்றார். எங்கள் பெயர்களை வாசித்தார். பிறகு நடுவிலிருந்த பெயருக்கு வந்தார்.

"இது ஆருக்க பேரு?"

"ஒங்களுக்க பேருதான் மைனி."

"எனக்க பேரா?" கண்ணாடியைச் சரிசெய்தார். "எனக்க பேரு இப்பிடி இல்லியே."

"ஒங்க பேரு இதுதான மைனி?"

"பேரு அதுதான். எழுத்து இது இல்ல. எனக்குப் பெரிய றா. இது சின்ன ரா."

எங்கள் பக்கத்துப் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் பெயரைப் பெரிய ற-வில் தொடங்குவது சாதாரணம். ஏதாவது ஒரு கல்லறைத் தோட்டத்தில் நடந்து போனால் வரிசையாகப் பார்க்கலாம். தமிழில் எந்தச் சொல்லும் அந்த எழுத்தில் தொடங்காது என்று இலக்கணம் சொல்கிறது. இலக்கணத்தைக் கேட்டு யாரும் இங்கே ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. எனக்கும் இது தெரியும். ஆனால் மைனியின் பெயரை நான் ஒருநாளும் எழுதியதில்லை. எங்கள் கல்யாணப் பத்திரிகை அச்சானபோது நான் வேறு வீட்டில் இருந்தேன். மகளின் கல்யாணப் பத்திரிகையில் அவர் வெறும் 'அத்தை' என்றுதான் அச்சானார். வாயால் நான் கூப்பிட்டதும் மைனி மட்டும்தான்.

என் கணவர் குறுக்கே வந்தார். "அக்கா, ரா-வோ றா-வோ, விளிச்சா ஒண்ணுதான?"

"ஒனக்கு ஒண்ணுதான்லே. நீ எனக்க பேர என்னைக்கு விளிச்ச? அக்கா, அக்கான்னே போச்சு." கோபமாகச் சொல்லவில்லை. இன்னொரு முறை சுவரைப் பார்த்தார். "அப்பா வச்ச பேரு. சிலேட்டுல முதல்ல எழுதிக் காட்டினது அந்த றா-தான். போட்டும், ஒட்டினது ஒட்டியாச்சு. இனி எதுக்கு இளக்கிக்கிட்டு. கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு."

போய்விட்டார். அன்று சாயங்காலம் மதில் இடைவெளியில் யாரும் வந்து நிற்கவில்லை. நானாகப் பின்கதவைப் பூட்டினேன், கேஸை அடைத்தேன்.

மறுநாள் காலையில் என் கணவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருக்கும்போது நான் சோபாவில் ஏறி நின்று முதல் கட்டையைப் பிடித்து இழுத்தேன். கட்டையோடு ஒரு செதில் வெள்ளையும் உரிந்து வந்தது.

"என்ன செய்யுத? இருக்கட்டுன்னுதான அக்கா சொன்னா?" என்று பதறினார்.

"மஸ்கட்டில ஒங்களுக்க ஐடி கார்டுல பேர அரபியில எப்பிடி எழுதியிருந்தானுவ?"

அவர் பேப்பரை மடித்தார். "அது எனக்க பேரே இல்ல. அவனுவ வாசிச்சா வேற எவனயோ விளிக்க மாதிரி இருக்கும். மொதல்ல கொஞ்சநாள் நான் திரும்பியே பாக்கமாட்டேன்."

"பின்ன?"

அவர் எழுந்தார். உள்ளே போய்த் தகடுபோன்ற ஒரு கத்தியை எடுத்துவந்தார். கட்டைக்கும் சுவருக்கும் நடுவே அதைச் செருகி, வெள்ளை உரியாமல் ஒவ்வொன்றாக இளக்கித் தந்தார். முன்பே உரிந்த இடத்தில் மீதியிருந்த பெயின்டைத் தொட்டு வைத்தார். பகல் முழுக்க அந்த வேலையே ஓடியது. எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. வசனம் ஒட்டிய பிறகு ஒரு கொம்பு குறைகிறது என்று தெரிந்தால் ஏணி வைத்து மறுபடி ஏறுவேனே, அதே நிம்மதி.

மைனியின் முழங்கால் பிலிமில் இன்னும் கொஞ்சம் இடம் பாக்கி இருந்தது. அதில் 'றா' வெட்டினேன். நல்ல அகலமான எழுத்து அது. இரண்டு வளைவும் ஒன்றுபோல வருவதற்குக் கத்தியை மூன்று தரம் திருப்ப வேண்டியிருந்தது. பலகையில் நல்ல பாகமாகப் பார்த்து அவர் புதுக்கட்டை அறுத்துக் கொடுத்தார்.

ஆனால் 'ரா' போனதும் என் கணவர் பெயருக்கு நடுவில் பிடிமானம் இல்லாமல் போனது. காகிதங்களை மறுபடியும் மேசையில் பரப்பினோம். மைனியும் நானும் 'ம்'-இல் வெட்டிக்கொண்டு நடுவில் நின்றோம். என்னிலிருந்து மகள், மகளிலிருந்து மகன், மகனிலிருந்து அவர். எப்படி நகர்த்தினாலும் அங்கேதான் போய் முடிந்தது.

அவர் இடுப்பில் கைவைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி கலைத்துவிடுவார் என்று நான் நினைத்தேன்.

"செரிதான்" என்றார். "நீங்க ரெண்டுபேரும் நடுவில நின்னு வீட்டப் பாத்திய. நான் கரண்டு கணக்கா தூரத்துலேந்து வந்துக்கிட்டு இருந்தேன். சுவிச்சுப் பக்கத்திலயே ஒட்டு."

விளையாட்டாகத்தான் சொன்னார். டீ போடப் போனேன். அடுப்புக்கு முன்னால் நின்றபோது, இந்த மனிதரோடு இனி தினமும் இருக்கப்போகிறேன் என்பது முதல்முறையாக நல்ல செய்தியாகத் தோன்றியது. அதற்கு முன்னால் வருத்தமாக இருந்தது என்றில்லை. அப்படி நினைத்துப் பார்க்க நேரம் கிடைத்திருக்கவில்லை.

மறுபடி ஒட்டி முடித்து மைனியைக் கூப்பிட்டபோது, "முட்டு நோவுது, பெறவு வாறேன்" என்றார். வரமாட்டார் என்றே நினைத்தேன். அரைமணி நேரத்தில் வந்தார். நேராகச் சுவருக்குப் பக்கத்தில் போனார். கையை நீட்டி, 'றா' மேல் ஒரு விரலை வைத்து, அதன் வளைவு போகிற போக்கில் மெதுவாக இழுத்துக்கொண்டே போனார்.

"சிலேட்டுல இப்பிடித்தான் வரும்" என்றார்.

பிறகு சோபாவில் உட்கார்ந்தார். சாய்ந்து உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததை நான் கவனித்தேன் என்று காட்டிக்கொள்ளவில்லை. என் கணவர்தான் அதிசயத்தைக் கண்டதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கண்ணால் அதட்டினேன்.

"டீ இருக்கா பிள்ள?"

"இருக்கு மைனி."

"சீனி கொறச்சுப் போடு."

அந்த வாரம் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம் இருந்தது. வந்த பெண்கள் பாட்டுப்புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டு சுவரைத்தான் வாசித்தார்கள். ஜெபம் முடிந்ததும் ஒருத்தி எழுந்துபோய், தன் பெயரில் இருக்கும் எழுத்து எங்காவது இருக்கிறதா என்று தேடினாள். "நடுவில இருக்கது ஆரு?" என்று இன்னொருத்தி கேட்டாள். அவளுக்கு மைனியை ஆஸ்பத்திரி நாளிலிருந்து தெரியும். நர்ஸம்மா என்று மட்டும்தான் தெரியும். "நான்தான்" என்றார் மைனி, சுண்டலைத் தட்டில் போட்டுக்கொண்டே.

மகனுக்கு வீடியோவில் காட்டியது ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு. அவன் சென்னையில் கம்பெனி வேலையில் இருக்கிறான். பெண் பார்க்கலாமா என்று கேட்டால் பேச்சை மாற்றுகிறவன். என் கணவர் போனைச் சுவருக்கு முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ரசமட்டம் பிடிப்பதுபோல நடத்திக் காட்டினார். அவன் சிரித்துக்கொண்டே கேட்டான், "எப்பா, நீங்க ஏன் அங்க போய் தொங்குதிய?"

"ஒனக்க பேர்ல இருந்துதான்லே தொங்குதேன். கெட்டியாப் பிடிச்சுக்கோ."

மைனி சோபாவிலிருந்து குரல் கொடுத்தார். "மக்கா, ஒனக்க பேருக்குக் கீழ கொஞ்சம் எடம் கெடக்கு. வாறவளுக்கு ஒனக்க பேர்ல உள்ள ஒரு எழுத்தாவது இருக்கணும், பாத்துக்கோ. இல்லேன்னா ஒங்க அப்பனுக்கு மறுபடி எல்லாத்தையும் இளக்கணும்."

எல்லோரும் சிரித்தோம். அவன் பக்கத்திலிருந்து மட்டும் சத்தம் வரவில்லை. படம் உறைந்துவிட்டதென்று நினைத்து என் கணவர் போனை ஆட்டினார்.

"எத்த" என்று கடைசியில் மைனியைக் கூப்பிட்டான். "'பி' இருந்தா போதுமா?"

முதலில் பிடித்துக்கொண்டவர் மைனிதான். எழுந்து நின்றேவிட்டார்.

"ஏலே, ஆருலே அது?"

கூட வேலை செய்கிற பெண் என்றான். வீடு இனயம் கடற்கரையில் என்றான். தகப்பனார் மீன்பிடி வள்ளம் வைத்திருக்கிறார், கத்தோலிக்கர்கள் என்றான். ஒவ்வொன்றையும் தனித்தனியாக, நடுவே நிறுத்தி நிறுத்திச் சொன்னான். அவர் என்னைப் பார்த்தார். நான் மைனியைப் பார்த்தேன். நாங்கள் சபையும் வேறு; எங்கள் குடும்பத்தில் கடற்கரையில் சம்பந்தம் செய்தவர்கள் யாருமில்லை. யாராவது ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் முதலில் சொல்கிற ஆளாக நான் இருக்க விரும்பவில்லை.

"குளச்சல்ல நான் ஆறேழு வருசம் டூட்டி பாத்திருக்கேன்" என்றார் மைனி. "அந்தக் கடக்கரப் பிள்ளையளுக்குத் தைரியம் உண்டு. பிரசவ வார்டில கத்திக்கிட்டே சிரிக்கும். நமக்கு அது கொஞ்சம் தேவதான். அந்தப் பிள்ளைய ஒருநாள் கூட்டிட்டு வா, பாப்போம்."

"அப்பா?" என்றான் அவன்.

என் கணவர் போனை முகத்துக்கு நேராகப் பிடித்தார். "ஒங்க அத்த சொல்லியாச்சுல்லா. வரச் சொல்லு. அம்மைக்க மீன்கொழம்ப மட்டும் அந்தப் பிள்ளைக்கிட்ட பெருமையாச் சொல்லாத, மானம் போவும்."

போன் வைத்த பிறகு நான் மேசை இழுப்பறையிலிருந்து காகிதச் சதுரங்களை எடுத்தேன். மகனின் பெயரில் 'பி' இருந்தது. அதிலிருந்து கீழே ஒரு பெயர் இறங்கலாம். மைனி தலையை நீட்டினார். என் கணவர் ரசமட்டத்தைத் தேடிக்கொண்டு வந்தார். கட்டை அறுக்க இன்னும் காலம் இருக்கிறது, பெரியவர்கள் போய்ப் பேசவேண்டும், இரண்டு சபைக்காரர்களையும் பார்க்கவேண்டும், அந்தப் பெண்ணையே நாங்கள் இன்னும் கண்ணால் கண்டதில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். இரண்டு பேரும் கேட்கவில்லை.

"பேரு முழுசா என்ன எழுத்துன்னு அவன்ட்ட சரியாக் கேட்டு எழுதி வாங்கு பிள்ள" என்றார் மைனி. "அவிய வீட்டுல எப்பிடி எழுதுவாவளோ அப்பிடி."

நான் போனை எடுத்து அவனை மறுபடி கூப்பிட்டேன்.